அம்பாசிடரில் ஆயில் பிரஷர் எகிறுகிறது, கீழேயும் ஒழுகுகிறது: இன்ஜினை இறக்குவதா, வேண்டாமா?

பழைய அம்பாசிடர் வைத்திருக்கும் இரண்டு பேர் டீக்கடையில் சந்தித்தால் பேச்சு எப்படியும் ஆயிலில்தான் வந்து நிற்கும். கடந்த ஒரு வருடத்தில் என்னிடம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மீட்டரில் ஆயில் பிரஷர் ஏறி நிற்கிறது, கீழேயும் ஒழுகுகிறது, மெக்கானிக் இன்ஜினை இறக்கச் சொல்கிறார், இறக்கலாமா?

என்னுடையது 1984 மார்க் 4, பெட்ரோல். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு நானும் நின்றேன். மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “தம்பி, பிரஷர் தாங்காமத்தான் பேக்கிங்கைப் பிச்சுக்கிட்டு ஆயில் வருது. இறக்கி, போர் போட்டு, ரிங் மாத்தி எல்லாத்தையும் ஒரே கையா முடிச்சிருவோம்.” போர் போடுவது என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதிகமாகக் காற்றடித்தால் பலூன் வெடிக்கிறதல்லவா, அந்த மாதிரி. அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கைகூட வைத்துவிட்டேன். அன்றைக்கு அங்கே வண்டி விட இடமில்லை, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அந்த ஒரு வாரம்தான் என்னைக் காப்பாற்றியது.

### ஒரே பெயரில் இரண்டு பிரஷர்

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் இங்கிலாந்தின் பிஎம்சி பி-சீரிஸ் குடும்பம். மோரிஸ் ஆக்ஸ்போர்டில் இருந்த அதே இன்ஜினைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் பல பத்தாண்டுகள் செய்தது. அதற்குள் இரண்டு வகை அழுத்தம் இருக்கிறது.

ஒன்று, ஆயில் பம்பு கொடுப்பது. அது பிளாக்குக்குள் (இன்ஜினின் இரும்பு உடல்) இருக்கும் ஆயில் பாதைகளிலும், ஃபில்டரிலும், பேரிங்குகளிலும் மட்டும்தான் இருக்கும். மீட்டர் காட்டுவது இதைத்தான்.

இன்னொன்று, கிராங்க் சுற்றும் அறைக்குள் சேரும் காற்றழுத்தம். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் புகை இன்ஜினின் வயிற்றில் சேர்கிறது. அது வெளியேறத்தான் புரீதர் குழாய். இந்த அழுத்தத்தை எந்த மீட்டரும் காட்டாது.

இன்ஜினின் தலைமேல் இருக்கும் ராக்கர் கவர், பக்கவாட்டில் டேப்பட் கவர், முன்னால் டைமிங் கவர், அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் பேக்கிங், இந்த நான்கும் ஒழுகினால் பம்பின் பிரஷருக்கும் அதற்கும் சம்பந்தம் அநேகமாக இல்லை. அங்கே ஆயில் தெறித்து வழிவதோடு சரி, பம்பு தள்ளுவதில்லை. பேக்கிங் காய்ந்திருக்கும், அல்லது வயிற்றுக் காற்று வெளியேற வழியில்லாமல் அங்கே ஆயிலைத் தள்ளிக்கொண்டு வரும். பம்பு பிரஷர் ஏறினால் கசிய வேண்டியது வேறு இடங்கள்: ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம், மீட்டருக்குப் போகும் சன்னக் குழாய், அதிகப் பிரஷரை இறக்கிவிடும் ரிலீஃப் வால்வின் நட்டு வாஷர், பிளாக்கில் இருக்கும் பிளக்குகள். கிராங்கின் பின்பக்கம் மட்டும் இரண்டுக்கும் நடுவில். பம்பு அதிகம் தள்ளினாலும் அங்கே ஆயில் கூடும், வயிற்றுக் காற்று கூடினாலும் கூடும்.

ஆகவே ‘பிரஷர் அதிகம், அதனால் கசிகிறது’ என்று யாராவது ஒரே மூச்சில் சொன்னால், எந்த பிரஷர், எங்கே கசிகிறது என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

### எதை வைத்து முடிவெடுப்பது

நான் பார்ப்பது ஐந்து விஷயம்.

முதலாவது, கசிவு எங்கிருந்து. தரையில் விழும் இடத்தை நம்ப வேண்டாம். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். ராக்கர் கவரில் பிறந்தது கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும்.

இரண்டாவது, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது) மீட்டர் என்ன சொல்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 70, 80 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) காட்டுவதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும். சூடேறி ரோட்டில் ஓடும்போது 50 பிஎஸ்ஐ-யை ஒட்டியும், ஐடிலில் 15 முதல் 25-க்குள்ளும் இருந்தால் இந்த இன்ஜினுக்கு ஆரோக்கியம்.

மூன்றாவது, ஆபத்து. புகை வெளியேறும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் சொட்டினால் தீ. கிளட்ச்சில் இறங்கினால் மலை ஏற்றத்தில் வண்டி நிற்கும். ஃபில்டர் வளையம் பிய்ந்தால் சில நிமிடத்தில் சம்ப் காலி. மற்றதெல்லாம் தரை அழுக்காவதோடு சரி.

நான்காவது, பணம். பில்லில் வருவதைவிட பில்லில் வராதது அதிகம்.

ஐந்தாவது, வண்டி உங்களுக்கு எதற்கு. ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலுக்கும் முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்புக்கும் ஓடும் வண்டிக்கும், தினமும் திருமங்கலம் போய் வரும் வண்டிக்கும் ஒரே பதில் கிடையாது.

### முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த ஒரு நாள் வேலையைச் செய்யாமல் தேர்ந்தெடுக்காதீர்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

இன்ஜினை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் பூஜ்யத்துக்கு வரவில்லையென்றால் மீட்டரே பொய். மின்சார மீட்டராக இருந்தால் சென்டரோ (இன்ஜினில் மாட்டியிருக்கும், பிரஷரை உணரும் பாகம்) வயரோ கெட்டும் முள் முழுக்க ஏறி நிற்கலாம். குழாய் வைத்த மெக்கானிக்கல் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, சென்டரைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றைச் சொன்னால்தான் மேலே போக வேண்டும்.

பிறகு இன்ஜினை டீசல் ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, காட்டன் வேஸ்ட் வைத்துத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சந்தேகமுள்ள இடங்களில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். (கோலமாவு வேண்டாம். அது கல்மாவு, ஆயிலுக்குள் போனால் பேரிங்கைத் தேய்த்துவிடும். என் மாமா அதைத்தான் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.) பத்து நிமிடம் ஓட விட்டு அணைத்தால், வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஊற்று. டார்ச்சைக் கீழிருந்து மேலாக அடித்துப் பாருங்கள். கோட்டின் உச்சிதான் முக்கியம், கீழே விழும் முனை அல்ல.

இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வையுங்கள். முன் சக்கரம் இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டால் மறுநாள் சொட்டின் இடம் தெரியும். பெல் ஹவுசிங் அடியில் விழுந்தால் விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் ஆயிலுக்கு ஒரு கந்தக நாற்றம் உண்டு. இன்ஜின்மேல் பழி போட்ட கசிவு பல நேரம் கியர் பாக்ஸிலிருந்து வரும்.

கடைசியாக, இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாகப் புகை வந்தால் வயது. பக் பக் என்று ரயில் மாதிரி தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கலாம், புரீதர் அடைத்திருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்வது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்று அளப்பது. நான்கு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறவில்லையென்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

என் வண்டி சொன்னது இதுதான்: சூட்டில் ஓடும்போது 80, சூட்டில் ஐடில் 18, கம்ப்ரஷன் நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு. கசிவு மூன்று இடத்தில்: ராக்கர் கவர், ஃபில்டர், பின்பக்கம் கொஞ்சம்.

இப்போது ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

### வழி ஒன்று: அப்படியே ஓட்டுவது

இதைச் சொன்னால் மெக்கானிக்குகள் சிரிப்பார்கள், ஆனால் இதுவும் ஒரு முடிவுதான். பி-சீரிஸ் இன்ஜினில் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கிலேயே ஸ்க்ரூ மாதிரி மரை வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுற்றும்போது அந்த மரை ஆயிலை உள்ளே இழுத்துவிடும். வண்டி நிற்கும்போது மரை சுற்றாது, அதனால் மிச்சமிருக்கும் துளிகள் வெளியே வரும். முன்பக்கம் மேடாக நிறுத்தினால் இன்னும் அதிகமாக வரும். அதாவது ராத்திரிக்கு இரண்டு சொட்டு என்பது நோய் அல்ல, வடிவமைப்பு.

இந்த வழி யாருக்கு என்றால், சூட்டில் மீட்டர் சரியாக இருந்து, கசிவு பின்பக்கமோ சம்ப்போ மட்டும் இருந்து, மாதம் நூறு கிலோமீட்டர்கூட ஓட்டாதவருக்கு. வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக் பார்க்கும் பழக்கம் இருக்க வேண்டும். இந்த இன்ஜினுக்குள் இருப்பதே சுமார் 4 லிட்டர் ஆயில்தான், ஒரு லிட்டர் குறைந்தால் அது பெரிய பங்கு.

மறைந்த செலவு: இன்ஜின் மவுண்டிங் ரப்பர் ஆயிலில் ஊறி உப்பும். அதைவிட மோசம், பழகிவிடுவது. இரண்டு சொட்டு நாலாகி, நாலு எட்டானது தெரியாது. மீட்டர் சூட்டிலும் 80 காட்டும் வண்டிக்கு இந்த வழி கூடாது. அது ஃபில்டர் வளையத்தின் பொறுமையைச் சோதிப்பது.

### வழி இரண்டு: இறக்காமல், வெளியிலிருந்தே சரி செய்வது

என் கட்சி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஆயிலிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர் என்ன ஊற்றினார் என்று உங்களுக்குத் தெரியாது. விற்பதற்கு முன் கெட்டியான ஆயிலும், அதோடு ஒரு டப்பா தேன் மாதிரியான அடிட்டிவும் ஊற்றுவது பழைய வித்தை. தேய்ந்த பேரிங் கெட்டி ஆயிலில் நல்ல பிள்ளை மாதிரி பிரஷர் காட்டும். அந்த வண்டிகளில் காலையில் 90 இருக்கும், கோரிப்பாளையம் டிராஃபிக்கில் அரை மணி நின்றால் 10-க்கு இறங்கும். குளிரில் உச்சி, சூட்டில் பாதாளம் என்றால் பிரச்சினை அதிகப் பிரஷர் அல்ல, குறைந்த பிரஷர். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பழையதை வடித்துவிட்டு நல்ல 20டபிள்யூ-50 ஊற்றி ஒரு வாரம் ஓட்டுவது. மதுரை வெயிலுக்கு அது பொருத்தம். புதிய கார்களுக்கான 5டபிள்யூ-30 மாதிரி தண்ணீர் ஆயில் இதற்கு வேண்டாம். மெலிவு மட்டும் காரணமல்ல, பழைய டேப்பட்டுக்குத் தேவையான துத்தநாகச் சேர்க்கை புதிய பெட்ரோல் ஆயில்களில் குறைத்திருப்பார்கள்.

அடுத்தது ரிலீஃப் வால்வு. பிரஷர் அளவுக்கு மேல் போனால் ஆயிலைத் திருப்பி சம்ப்புக்கு அனுப்பும் சின்ன உருளையும் ஒரு ஸ்பிரிங்கும்தான் அது. பிளாக்கின் இடதுபக்கம், பின்னால், தொப்பி மாதிரி ஒரு நட்டுக்குள் இருக்கும். ஒரு ஸ்பானர், பத்து நிமிடம். என் வண்டியில் அந்த நட்டைக் கழற்றியதும் ஸ்பிரிங் வந்தது, அதன் பின்னாலேயே மூன்று வாஷர் வந்தது. கறுத்துப்போய், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. எப்போதோ யாரோ மீட்டரில் 50-க்குக் கீழே முள் இருப்பதைப் பார்த்துப் பயந்து, ஸ்பிரிங்கை இறுக்க அடைத்துவைத்திருக்கிறார். மூன்றையும் எடுத்துவிட்டு உருளையைத் துடைத்து, தொப்பி நட்டுக்குப் புது வாஷர் வைத்து மாட்டினேன். சூட்டில் ஓடும்போது 80 இருந்தது 52-க்கு வந்தது. ஐடிலில் அதே 18.

இந்த 18 மாறாததுதான் நல்ல செய்தி. ரிலீஃப் வால்வு உச்சியைத்தான் கட்டுப்படுத்தும். ஐடிலில் அது மூடியே இருக்கும், அங்கே மீட்டர் சொல்வது பேரிங்கின் நிலையை. வாஷரை எடுத்த பிறகு ஐடிலும் பாதாளத்தில் இருந்திருந்தால் நான் வழி நான்கைப் பார்த்திருப்பேன்.

மூன்றாவது, ஃபில்டர். கிண்ணத்துக்குள் எலிமென்ட் போடும் பழைய வகையாக இருந்தால், வளையம் உட்காரும் காடியை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய வளையம் கறுத்து, கல் மாதிரி இறுகி, காடியின் அடிப்பகுதி போலவே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்காமல் அதன் மேலேயே புதியதை வைத்துவிடுவார்கள். என்னுடையதில் இருந்தது இரண்டு. கோணி ஊசியால் நெம்பியதும் கருங்கல் சில்லு மாதிரி உடைந்து உடைந்து வந்தது. என் கசிவில் பாதி அங்கே முடிந்தது.

நான்காவது, புரீதர். இதை யாருமே பார்ப்பதில்லை. சோழவந்தானில் தென்னந்தோப்பு ஷெட்டில் நாலு வருடம் நின்ற மாமாவின் 1971 மார்க் 2-வை எடுத்து ஓட்டியபோது முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் ஒழுகியது. எல்லா பேக்கிங்கும் ஒரே நாளில் செத்துவிடுமா? டேப்பட் கவரிலிருந்து கீழே இறங்கும் குழாயின் வாயைப் பார்த்தால், குளவி மண் வைத்துப் பூசியிருந்தது. வீட்டு ஜன்னல் மூலையில் கட்டுமே, அதே கூடு. கம்பி விட்டுக் குத்தி எடுத்து, பெட்ரோல் ஊற்றிக் கழுவினோம். பத்து நாளில் முன்பக்கக் கசிவு நின்றுவிட்டது, பின்பக்கம் பாதியாகக் குறைந்தது. மாமா அந்தக் குளவிக் கூட்டை இன்னும் ஷெட் அலமாரியில் வைத்திருக்கிறார். தோப்பில் நிற்காத வண்டியிலும் இந்தக் குழாய் சகதியால் அடைத்திருக்கும். ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ரப்பர் குழாயையும் கழற்றி ஊதிப் பாருங்கள்.

ஐந்தாவதாகத்தான் பேக்கிங். ராக்கர் கவர் கார்க் பேக்கிங் அரை மணி வேலை. மேலே இரண்டு நட்டுதான், அடக்கி இறுக்குங்கள். ஒழுகுகிறதே என்று பலம் காட்டினால் தகடு வளைந்து இன்னும் ஒழுகும். இந்த கவரின் கசிவு நேராக மேனிஃபோல்டு மேல் விழும், அதனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. டேப்பட் கவர்கள் இரண்டும் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். கை நுழையாது, மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் நிம்மதியாகச் செய்யலாம். டைமிங் கவரின் முன் சீல் மாற்ற ரேடியேட்டரும் கிராங்க் புல்லியும் கழற்ற வேண்டும், ஆனால் இன்ஜின் இறங்க வேண்டியதில்லை.

மறைந்த செலவு என்று பார்த்தால் சிலிக்கான் பேஸ்ட். அவசரக்காரர்கள் கார்க்குக்குப் பதில் பேஸ்டை அப்பிவிடுவார்கள். வெளியே பிதுங்குவது நமக்குத் தெரியும், உள்ளே பிதுங்கியது உடைந்து ஆயிலோடு சம்ப்புக்குப் போய்ப் பம்பின் சல்லடையை அடைக்கும். இன்னொரு செலவு, பொறுமை. ஒவ்வொன்றாகச் செய்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஐந்தையும் ஒரே நாளில் செய்தால் எது குணமாக்கியது என்று தெரியாது.

### வழி மூன்று: இறக்கி, சீல் பேக்கிங் மட்டும்

பின்பக்கக் கசிவு கிளட்ச்சைத் தொட்டுவிட்டால், கியர் மாற்றி கிளட்ச்சை விடும்போது வண்டி உதறுகிறது, சிறுமலைக் கொண்டை ஊசியில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் இது வேண்டியிருக்கும். கிளட்ச் பிளேட், சம்ப் பேக்கிங், முன் சீல், மவுண்டிங் எல்லாம் ஒரே கையில் முடியும்.

ஆனால் மேலே சொன்ன மரையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் மாற்றுவதற்கு சீல் கிடையாது. மரைக்கும் அதைச் சுற்றியுள்ள உலோகத்துக்கும் இடையே உள்ள இடைவெளி தேய்ந்து கூடியிருந்தால் பேக்கிங் மாற்றியும் ஒழுகும். புரீதரைப் பார்க்காமல் இந்த வழிக்குப் போனவர்கள்தான் ‘இறக்கி ஏத்தியும் ஒழுகுதே’ என்று புலம்புகிறார்கள்.

மறைந்த செலவு, ‘இறக்கினது இறக்கியாச்சு’ என்ற ஒரு வாக்கியம். இறக்கியாச்சு, ரிங் பார்த்துடலாம். ரிங் பார்த்தாச்சு, போர் போட்டுடலாம். நாலு நாளில் முடிய வேண்டிய வேலை ஆடியில் தொடங்கி ஆவணிக்குப் போகும். எங்கே நிறுத்துவது என்பதை வண்டியை விடுவதற்கு முன்னாலேயே பேசி ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

### வழி நான்கு: முழு ஓவர்ஹால்

தேவைப்பட்டால் இதற்கு மாற்று இல்லை. தேவை என்றால் என்ன? நல்ல ஆயிலில், சூட்டில், ஐடில் பிரஷர் 10-க்குக் கீழே, அடியில் டொக் டொக் சத்தம். அல்லது கம்ப்ரஷன் குறைந்து, ஆயில் விட்டால் ஏறி, சைலன்ஸரில் நீலப்புகை. இவற்றில் ஒன்று இருந்தாலே பேசலாம். வெறும் கசிவுக்காகவும் வெறும் உயர்ந்த பிரஷருக்காகவும் ஓவர்ஹால் செய்வது, கூரை ஓட்டை அடைக்க வீட்டை இடிப்பது.

போர் போடுவது, கிராங்க் கிரைண்டிங் எல்லாம் மதுரையிலேயே முடியும், புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் வேலைக்குப் பஞ்சமில்லை. சாமான் தரம்தான் கவலை. 2014-இல் உத்தர்பாரா ஆலை நின்ற பிறகு ஒரிஜினல் பேரிங்கும் பிஸ்டனும் தேடிப் பிடிக்க வேண்டியவை. டப்பாவில் பெயர் இருந்தால் போதாது. பேரிங் போட்டபின் இடைவெளியை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஒரு முறை போர் போட்டால் ஒரு சைஸ் போய்விடும், கிராங்கும் அப்படித்தான். அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு ஆகி, 40 ஆகி, அப்புறம் லைனர் (சிலிண்டருக்குள் இறக்கும் புதுக் குழல்). தேவையில்லாமல் போட்ட ஒவ்வொரு போரும் இன்ஜினின் ஆயுளில் கை வைப்பது. இதையெல்லாம் யாரும் பில்லில் எழுதமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஓவர்ஹால் முடிந்து வந்த இன்ஜினில் பேரிங் இறுக்கமாக இருப்பதால் பிரஷர் வழக்கத்தைவிட அதிகமாகவே காட்டும். அதைப் பார்த்து மறுபடி பயப்படுகிறவர்கள் உண்டு. முதல் 800 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, ஆயிலை மாற்றியபின் பார்த்தால் போதும்.

“உங்க இன்ஜின வச்சுக்கிட்டு ரெடியா இருக்கிறதைத் தர்றோம்” என்று எக்ஸ்சேஞ்ச் பேசினால், ஆர்சி புத்தகத்தில் இருக்கும் இன்ஜின் நம்பர் யாருடையது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

### வழி ஐந்து: வேறு இன்ஜின்

1990-களில் அம்பாசிடரிலேயே வந்த 1.8 லிட்டர் இசுசு இன்ஜினை ஐந்து கியரோடு போட்டுவிட்டால் கவலை விட்டது என்பார்கள். ஓட்ட நன்றாகத்தான் இருக்கும். தினமும் நாற்பது கிலோமீட்டர் நான்குவழிச் சாலையில் போகிறவருக்கு, பழைய பிளாக் விரிசல் விட்டிருந்தால், அர்த்தமுள்ள வழி.

ஆனால் இன்ஜின் மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன் கீழ் ஆர்டிஓ அனுமதி வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் இன்ஷூரன்ஸும் கைவிடலாம். மாமாவின் 1971 வண்டிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டி, அசல் வடிவில் இருக்கும் கார்களுக்குத் தனிப் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். இன்ஜினை மாற்றிப் பெரிதாகத் திருத்தினால் அந்தத் தகுதி போய்விடும். அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது என்பதும் உண்மை. மாமா அதனால்தான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. “ஓட்டக் கூடாதுன்னா அப்புறம் எதுக்கு மாப்ளே வண்டி” என்கிறார்.

### ஒரு பார்வையில்

| வழி | எப்போது சரி | எதைத் தீர்க்காது | வண்டி நிற்பது | பில்லில் வராதது |
|---|---|---|---|---|
| அப்படியே ஓட்டுவது | சூட்டில் மீட்டர் சரி, பின்பக்கம் இரண்டு சொட்டு, குறைந்த ஓட்டம் | எதையும் | நிற்காது | மவுண்டிங் ரப்பர், பழகிப்போவது |
| வெளியிலிருந்து | சூட்டிலும் பிரஷர் அதிகம். கவர்கள், ஃபில்டர் கசிவு | தேய்ந்த பேரிங், ரிங் | ஒன்றிரண்டு நாள், தவணையாக | பேஸ்ட் அப்புவது, காத்திருப்பு |
| இறக்கி சீல் மட்டும் | கிளட்ச்சில் ஆயில் | கிராங்க் மரையின் தேய்மானம் | ஒரு வாரம் சொல்வார்கள் | ‘இறக்கியாச்சு’ என்று நீள்வது |
| ஓவர்ஹால் | சூட்டு ஐடில் 10-க்குக் கீழ், நீலப்புகை, கம்ப்ரஷன் குறைவு | அடைத்த புரீதர், தவறான மீட்டர் | மாதக் கணக்கு | ஒரு சைஸ் போர் இழப்பு, போலி சாமான் |
| வேறு இன்ஜின் | பிளாக் போய்விட்டது, தினசரி நீண்ட ஓட்டம் | அசல் வண்டி என்ற மதிப்பைக் காக்காது | அனுமதியைப் பொறுத்தது | ஆர்சி, இன்ஷூரன்ஸ், விண்டேஜ் தகுதி |

### கேட்ட மூன்று பேருக்கும்

மேலூர்க்காரருக்கு மீட்டரே பொய். இரவல் மீட்டர் மாட்டியதும் 48 காட்டியது. மிச்சம் ராக்கர் பேக்கிங் வேலை.

வாடிப்பட்டிக்காரருடையது காலையில் 90, சூட்டில் ஐடிலில் 8. வடித்த ஆயில் வாளியில் வெல்லப்பாகு மாதிரி இறங்கியது. அவருக்கு ஓவர்ஹால்தான், நானே சொல்லிவிட்டேன். வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது, அந்த வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

மூன்றாமவர் இன்னும் டால்கம் பவுடர் தூவவில்லை. இன்ஜினைக் கழுவ நேரமில்லையாம். இறக்க மட்டும் நேரமிருக்கிறது.

என் வண்டியில் கழற்றிய மூன்று வாஷரும் டேஷ்போர்டு டப்பாவில் கிடக்கின்றன. பேக்கிங், ஃபில்டர், ஆயில், புரீதர் கிளீனிங் எல்லாம் சேர்த்து அந்த ஒர்க்‌ஷாப் கேட்ட அட்வான்ஸில் பாதிகூட ஆகவில்லை. பின்பக்கம் இப்போதும் ராத்திரிக்கு ஒரு சொட்டு, வண்டி நிற்கும் இடத்தில் ஒரு பழைய எவர்சில்வர் தட்டு வைத்திருக்கிறேன்.